கல்லீரலில் வெளிச்சம்

"மூச்சை இழுத்து அப்படியே பிடிங்க சார்," என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண்.

தம்பி பிடித்தான். வலது கை தலைக்கு மேலே, இடது கை சட்டைப்பையின் மேலே. படுத்துக்கொண்டே சத்தியப்பிரமாணம் எடுக்கிறவனைப் போல இருந்தான்.

நோயாளி அவன் இல்லை, அவனுடைய அக்கா. மேல்மாடி வார்டில் மஞ்சள் பூத்த கண்களோடு கிடக்கிறாள். அவள் கல்லீரல் கெட்டுப்போய்விட்டது. ரத்த உறவில் யாராவது தன்னுடையதில் ஒரு துண்டு தந்தால்தான் பிழைப்பாள். அத்தானின் ரத்தவகை சேரவில்லை. பிள்ளை இன்னும் பள்ளிக்கூடம் போகிறது.

தம்பிதான் முன்னால் வந்தான். சும்மா வரவில்லை, சொந்தபந்தம் அத்தனையும் கூடியிருந்த இடத்தில் நெஞ்சைத் தட்டிக்கொண்டு, "துண்டு என்ன, முழுசையும் எடுத்துக்கங்க," என்றான். ஊசியைக் கண்டாலே உத்தரத்தில் ஏறுகிற ஆள் இப்படிப் பேசியதும் கல்நெஞ்சக்காரச் சித்தப்பாகூட மூக்கைச் சிந்தினார்.

நடுவில் கொழுப்பு வந்து நின்றது. கொழுப்பு ஏறிய கல்லீரலை அறுத்து வைத்தால் கொடுத்தவருக்கும் ஆபத்து, வாங்கியவருக்கும் ஆபத்து, பத்து சதவீதத்துக்குக் கீழே இறக்கிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் ஸ்கேனில் பதினான்கு. "அவனுக்குக் கொழுப்பு அதிகம்னு நான் அப்பவே சொன்னேனே," என்று சித்தப்பா பழைய சித்தப்பாவானார்.

அன்றிலிருந்து அவன் மனைவி எண்ணெயைக் கண்ணுக்கு மருந்து விடுவதுபோலச் சொட்டுச் சொட்டாக விட்டாள். வேகவைத்த காய்கறியைத் தவிர அவன் தட்டில் எதுவும் விழவில்லை. அவனும் முகம் சுளிக்காமல் தின்றான். விடிகிறதற்குள் எழுந்து நடக்கப் போனான். மழை பெய்தால் குடையோடு போனான்.

ஸ்கேன் பெண் ஜெல் தடவிய கருவியை விலா எலும்புகளின் இடுக்கில் வைத்து அழுத்தினாள். கொழுப்பு ஏறியதால் திரையில் கல்லீரல் வெளேரென்று தெரிந்தது. பக்கத்திலிருந்த சிறுநீரகம் கருகருவென்று கிடந்தது. மனுஷனுக்குள்ளே வெளிச்சம் இருந்தால் நல்லது என்பார்கள். கல்லீரலுக்கு மட்டும் அது ஆகாது.

கருவி அனுப்பும் ஒலி கொழுப்புக்குள் நுழைந்தால், நெரிசலில் மாட்டிய கிழவனைப் போல, போகப் போகக் களைத்துவிடும். எவ்வளவு களைத்தது என்று பார்த்துத்தான் மெஷின் கொழுப்பின் கணக்கைச் சொல்லும். அது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் புருவத்தைச் சுருக்கினாள்.

"சாப்பிட்டவங்களுக்குச் சுருங்குற மாதிரி பித்தப்பை சுருங்கியிருக்கே. வெறும் வயித்தோடதானே வந்தீங்க?"

"பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலம்மா."

சிலருக்கு அப்படியும் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு அவள் கருவியை நகர்த்தினாள். எண் வந்தது. பதினெட்டு. அவளுக்கே மனசு கேட்காமல் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். மெஷினுக்கு ஒரே நாக்கு.

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இனி இவரை நம்பிக் காத்திருக்க முடியாது, அந்த அம்மாவுக்கு அவ்வளவு நாள் இல்லை, வேறு ஆளைத் தேடுங்கள் என்றார். வேறு ஆள் என்னவோ முக்குக்கடையில் தொங்குவதுபோல. தம்பி சுவரில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று பக்கத்து ஆளிடம் சொன்னார்.

உடைந்துபோனது அவன் மனைவிதான். தன் கைவாகுதான் சரியில்லை, சமையலில் எங்கோ கோளாறு செய்துவிட்டோம் என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். "அண்ணி முகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்? நீங்களே போய்ச் சொல்லிருங்க," என்று மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவன் தனியாக மேலே போனான். வாயைத் திறக்குமுன்பே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலோரத்தில் உட்கார்ந்து அவள் தோளில் தலையைச் சாய்த்து அழுதான். மழையில் நடந்ததை, காய்கறியாகத் தின்று நாக்கு செத்துப்போனதை, இன்று காலையிலிருந்து பட்டினி கிடப்பதை எல்லாம் சொன்னான்.

"நான் என்னக்கா பண்ணுவேன்? உடம்பு கேக்க மாட்டேங்குது."

"சரி விடுடா. உன்னை யாரு குத்தம் சொன்னா?"

அவள் முதுகைத் தடவிக் கொடுக்கக் கொடுக்க அவனுக்கு மூச்சு சீரானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

அக்கா வாசலை ஒருமுறை பார்த்தாள், யாரும் இல்லை. ஊசி சொருகியிருந்த கையை நீட்டி அவன் சட்டைப்பையை லேசாகத் தட்டினாள். உள்ளே ஏதோ சலசலத்தது.

"அந்த எண்ணெய்க் காகிதத்தை என் தலகாணிக்கு அடியில வச்சுட்டுப் போடா, உன் பொண்டாட்டி துவைக்கும்போது பையைப் பாப்பா."