நாலு பிளக்

"இது ஆவாது சித்தா. திருப்பிக் குடுத்துட்டு, குளுந்த பிளக்கா நாலு வாங்கிட்டு வா."

எஸ்டேட் ஒர்க்‌ஷாப் மெக்கானிக் ஏசுராஜ் இப்படிச் சொன்னதும் காப்பிக்காட்டுக் கூலியாள் சித்தனுக்கு முகம் விழுந்துவிட்டது. காலை பஸ்ஸில் நாகலூரிலிருந்து சேலத்துக்கு இறங்கி, கடை கடையாக விசாரித்து, அந்த நாலு ஸ்பார்க் பிளக்கையும் மடியில் கட்டிக்கொண்டு இப்போதுதான் மலையேறி வந்து நிற்கிறான்.

"ஏனுங்கண்ணா, பிளக்குல கூடவா குளுந்தது, சூடுன்னு இருக்குது?"

"இருக்குது. இது சூட்டு பிளக்கு. சும்மா கடைவீதிக்குப் போயி வர்ற வண்டிக்குச் சரி. இந்த எஞ்சினை வேகங் கூட்டி, நொம்ப எழுப்பிக் கட்டியிருக்கேன். மலையில மிதிச்சு ஏறுறப்ப இதோட மூக்கு பழுத்துப் போயி, நெருப்புக் கங்காட்டம் நிக்கும். அப்பறம் பிஸ்டன்ல ஓட்டைதான்."

பெஞ்சின் மேல் எண்ணெய் மினுங்க உட்கார்ந்திருந்தது எஞ்சின். எஸ்டேட் ஆஸ்பத்திரி வேனிலிருந்து இறக்கியது. இறக்கிப் பத்து நாளாகிறது. பத்து நாளாகச் சித்தனுக்கும் தூக்கமில்லை.

அவன் பெண்சாதி பொன்னாயிக்கு நிறைமாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. இதுவோ வயிற்றில் குறுக்கே கிடக்கிறது. வலி கண்டதும் சேலத்துக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தால்தான் இரண்டு உயிரும் பிழைக்கும் என்று நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"கீழ எறங்கறதுக்கு எதுக்குங்கண்ணா அத்தனை எழுப்பி? வயித்துப்புள்ளக்காரிய வெச்சுக்கிட்டு மெல்லத்தானுங்களே போவோணும்?"

ஏசுராஜ் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சித்தனே தலையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "எனக்குப் புத்தியே இல்லீங்க. திரும்பி வாறப்ப புள்ளையோட மேல ஏறோணுமில்ல!"

"ம்."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிஞ்சிருமுங்களா? அன்னிக்கு என்னமோ கார் ரேசாம். மலைரோட்டையே அடைச்சுப் போடறாங்களாம். பஸ்ஸு ஒண்ணும் ஓடாதாம். ஆஸ்பத்திரி வண்டிக்கு மட்டுந்தான் வழி விடுவாங்கன்னு நர்சம்மா சொல்லுச்சுங்க."

"சனிக்கெழமை சாயங்காலம் எஞ்சின் ஓடும். ஓடியாகோணும். எஸ்டேட் துரை உத்தரவு."

"துரை நல்லாருக்கோணுங்க. எங்க பொம்பளைங்க போற வண்டிக்கு ஆரு இப்படிப் பாத்துப் பாத்துச் செய்வாங்க?"

ஏசுராஜ் சட்டென்று எரிந்து விழுந்தார். "வளவளன்னு பேசாத! இந்தா, சீட்டுல எழுதியிருக்கேன். பிளக்கு நாலு, காயில் ஒண்ணு, பாயிண்ட் செட்டு, கண்டன்சரு. 'எல்லாம் ஒண்ணுதான்'னு கடைக்காரன் எதையாச்சும் தலையில கட்டுவான். சீட்டுல இருக்கற நம்பர் டப்பா மேல இருந்தாத்தான் வாங்கோணும்."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே?"

"ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாரு. கண்ணு இருக்குதில்ல?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. சித்தன் மறுபடியும் சேலத்துக்கு இறங்கினான். மூன்று கடைகளில் கிடைக்கவில்லை. நாலாவது கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். இடுப்பில் துண்டு, காலில் செருப்பில்லை.

"ஏப்பா, நீ என்ன ரேசுக்கா போறே?"

"இல்லீங்க சாமி, பிரசவத்துக்கு."

கடையே சிரித்தது. சித்தனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அட்டை டப்பாவை வெளிச்சத்தில் பிடித்து, சீட்டில் உள்ள கோடும் வளைவும் அப்படியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டான். ஒரு டப்பாவில் கடைசி எழுத்து மாறியிருந்தது. பிடிவாதமாக அதை மாற்றி வாங்கினான். கடைக்காரரே அசந்துபோனார்.

ஏசுராஜும் பிளக்குகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் கெட்டான் போ" என்றார். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சித்தனை ஒர்க்‌ஷாப்புக்குள் விடவில்லை. "துரையும் அவரு மவனும் உள்ள நிக்கறாங்க. நீ ஊட்டுக்குப் போ" என்று ஏசுராஜ் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவன் வீட்டு வாசலை மிதிக்கும்போதே எஞ்சின் உறுமியது. சில்வர் ஓக் மரங்களுக்குள் அடங்கியிருந்த காக்கைகளெல்லாம் கிளம்பிப் பறந்தன.

"கேட்டியா புள்ள? நம்ம வண்டி!"

"என்னங்க இப்படிக் கத்துது?" பொன்னாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள இருக்கறவன் பயந்துக்கப் போறான்."

"எம்மவனாவது பயப்படறதாவது! அப்பன் வாங்கியாந்த பிளக்கு. எந்த வளைவுலயும் நிக்காதுன்னு அவங்கிட்டச் சொல்லு."

அவள் சிரித்தாள். இத்தனை நாளில் அன்றுதான் இரண்டு வாய் களி உண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வலி கண்டது.

கம்பளியில் தூளி கட்டி, முன்னால் இருவரும் பின்னால் இருவருமாகக் காப்பிக்காட்டு வழியே அவளைத் தூக்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடி வந்தார்கள். "இன்னும் கொஞ்ச தூரந்தான் புள்ள. பல்லைக் கடிச்சுக்க. வண்டி தயாரா நிக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தான் சித்தன். அவள் அலறும்போதெல்லாம் தூக்கியவர்களின் நடை வேகமானது.

"ஏசுராஜண்ணா! வேனை எடுங்கண்ணா!"

ஏசுராஜ் கதவோரம் நின்றிருந்தார். நகரவில்லை. அவருக்குப் பின்னால் வேன் நின்றது. முன்பக்க பானெட் தூக்கியிருந்தது. உள்ளே எஞ்சின் இருக்க வேண்டிய இடம் வெறும் குழியாக இருந்தது.

தூளியை இறக்கிவிட்டு ஓடிப்போய் அந்தக் குழிக்குள் எட்டிப் பார்த்தான் சித்தன். பிறகு அவரைப் பார்த்தான்.

"எஞ்சின் விடியறதுக்கு முன்னாலயே போயிருச்சு சித்தா..." ஏசுராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "துரை மவனோட ரேசு காருல. வேனுக்கு வேற எஞ்சின் அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க."