அம்மா போட்ட சட்டம்

“எந்நேரமும் போனும் கையுமா இருந்தா படிப்பு எப்படிடா ஏறும்? ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். அவ்வளவுதான்.”

மடியில் துவைத்த துண்டுகளைக் குவித்து வைத்து மடித்தபடியே அம்மா பேசினாள். அத்தனையும் ஓட்டல் முத்திரை போட்ட வெள்ளைத் துண்டுகள். வாய் பாட்டுக்குத் திட்டியது, கை பாட்டுக்கு மடித்தது.

மகன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பாலைக் குடித்தான். பத்து வயது. வகுப்பில் தூங்கி வழிகிறான் என்று டீச்சர் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு ஒரே கவலை. அந்தப் பாழாய்ப்போன கேம் பிள்ளையைத் தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுமோ என்ற பயம்.

“போனுக்குப் பூட்டுப் போட்டாச்சா?” என்று தங்கையைக் கேட்டாள்.

“நேத்தே போட்டுட்டேன்க்கா. ஒரு மணி நேரம் ஆனா தானா நின்னுடும்.” அவன் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தங்கை கொஞ்சம் தயங்கினாள். “ஆனா அதுல ஒரு சிக்கல்...”

“ஒரு சிக்கலும் இல்ல. உன் செல்லம்தான் அவனைக் கெடுக்குது. யாருக்காகவும் ஒரு நிமிஷம் கூட்டக் கூடாது. நானே கேட்டாலும் கூட்டாத.”

தங்கை அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அக்கா ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

கதவுக்கு வெளியே அடுத்த துணி மூட்டையோடு தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது. அம்மாவின் கை வேகம் பிடித்தது, குரல் மட்டும் குழைந்தது. திட்டுவதற்காகவா காத்திருந்தாள்? நாள் முழுக்க அவள் வழிமேல் விழி வைத்திருப்பது இந்தப் பொழுதுக்காகத்தான்.

“டேய் வாலு, உதட்டுக்கு மேல பால் மீசை. தொடச்சுக்கோ.” அவளை அறியாமல் எழுந்த கை பாதியில் நின்று, துண்டுக்கே திரும்பியது.

புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

“ஸ்கூல்ல இன்னைக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல.”

“பக்கத்து பெஞ்சுக்காரன் இப்ப உன்கூடப் பேசுறானா?”

“ம்.”

“சட்டை நல்லாருக்கே. யார் வாங்கினது?”

“சித்தி.”

ஒவ்வொரு பதிலுக்கும் அவன் பார்வை மேல் ஓரத்துக்கு ஓடி ஓடித் திரும்பியது.

“அங்க என்னடா பார்வை? அம்மா முகத்தைப் பாரு.” பெற்ற பிள்ளையிடம் நாலு வார்த்தைக்குக் கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு அழுகை முட்டியது. “என்கிட்ட சொல்றதுக்கு உனக்கு ஒண்ணுமே இல்லையா, கண்ணு?”

அவன் நெளிந்தான். சித்தியைப் பார்த்தான். சித்தி வெங்காயத்தைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அம்மா, போனை வெச்சுடவா? நீ பேசுற நேரமும் என் ஒரு மணி நேரத்துலதான் கழியுது.”