இரண்டு வாசல் கொட்டகை

எல்லையோர ஊர் ஒன்றில் பழைய நாடகக் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் கிழக்கு வாசலில் இறங்கினால் ஒரு ராஜ்யம், மேற்கு வாசலில் இறங்கினால் வேறொரு ராஜ்யம். ஆட்டம் நின்றுபோன அந்தக் கொட்டகையில், கிழிந்த நாற்காலி மெத்தைக்குள் ஒரு சுண்டெலி தன் குஞ்சுகளோடு குடியிருந்தது.

ஒரு மழை நாளில் கூரையின் உத்திரம் விரிசல் விட்டது. சுண்டெலி பதறிப்போய்க் கிழக்குக் கதவிடம் ஓடியது.

"அண்ணே, எந்தப் பக்கம் தாங்கும்? பிள்ளைகளை எங்கே கொண்டுபோக?"

"இந்தக் கொட்டகையைக் கட்டினது யாரென்று தெரிந்துகொள், தங்கச்சி," என்றது கிழக்குக் கதவு. "எங்கள் ராஜா. முதல் நாடகக் கம்பெனி நுழைந்ததும் என் வழியாகத்தான். கிழக்கே வா!"

"பொய்!" என்று மேற்குக் கதவு கத்தியது. "அந்த ராஜா ஓசியில் நாடகம் பார்க்க வந்தவர். கட்டினது எங்கள் ராணி. முதல் சினிமாப் படப்பெட்டி வந்ததும் என் வழியாகத்தான். மேற்கே வா!"

சுண்டெலிக்குத் தலை சுற்றியது. ஒரு குஞ்சைக் கிழக்கே கொண்டுபோய் வைத்தது, இன்னொன்றை மேற்கே வைத்தது, பிறகு மாற்றி வைத்தது. எது எங்கே என்று மறந்து நடுக்கூடத்தில் நின்று அழுதது.

உத்திரம் மளுக்கென்றது. அழுகுரல் கேட்டு ஓடிவந்த குஞ்சுகளை இழுத்துக்கொண்டு, சுவரில் தெரிந்த ஏதோ ஓட்டை வழியாகச் சுண்டெலி வெளியே பாய்ந்தது. கூரை மொத்தமும் சரிந்தது.

புழுதி அடங்கியபோது கதவுகள் இரண்டு மட்டும் நின்றன.

"உன் பக்கம்தான் முதலில் விழுந்தது!"

"உன் பக்கம்தான்! தங்கச்சி, நீயே சொல்."

சுண்டெலி இந்தக் கதவைப் பார்த்தது, அந்தக் கதவைப் பார்த்தது. நடுவே வானம்தான் தெரிந்தது.