கேட்டதற்கு அடையாளம்

தங்கை ரெக்கார்டரைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்துவிட்டு, நீயே கேட்டுப் பார் என்றாள்.

நடுவர் நான். என்னை வாத்தியாரம்மா என்று கிண்டல் செய்கிறவளே தீர்ப்புக்குக் கூப்பிட்டதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

போன வருஷம் மகளை என் வகுப்பிலிருந்துதான் நிறுத்தினாள். ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவில் இவள் வாயைத் திறந்தால் யார் கேட்கிறார்கள் என்று என் முகத்துக்கு நேரே கேட்டாள்.

அன்றிலிருந்து வீடுதான் பள்ளிக்கூடம். தினம் ஒரு பாடத்தை ஒரே முறை வாசித்துக் காட்டுவாள். பிள்ளை அடுத்த அறைக்குப் போய், கேட்டதைத் தன் வார்த்தையில் ரெக்கார்டரிடம் சொல்ல வேண்டும். அம்மா வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆற அமரக் கேட்பாளாம்.

இப்போது அவள் கணவர், பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பியே தீருவேன் என்று நிற்கிறார். நன்றாகத்தான் படிக்கிறாள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அடங்கிவிடுவார். இன்றைய விருந்து அதற்குத்தான்.

"எல்லாத்தையும் கேட்டிருக்கேன்க்கா. ஒண்ணுகூட விடலை."

அவள் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினாள். என்னிடமேவா? ஆய்வாளர் வரும் நாளில் முன்வரிசையில் யாரை உட்கார வைப்பது என்று எனக்குத் தெரியாதா? பழையதில் ஏதாவது ஒன்றைப் போடு என்றேன்.

திமிங்கிலம் வந்தது. மீன் மாதிரி இருந்தாலும் மீன் இல்லை, மூச்சு விட மேலே வந்துதான் ஆக வேண்டும் என்று பிள்ளை தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டு போனாள். என் வகுப்பில் அவள் இப்படி நாலு வரி பேசி நான் கேட்டதில்லை.

பாடம் முடிந்தது. தங்கையின் கை பழக்கத்தில் பொத்தானுக்குப் போனது. உள்ளே இன்னும் மூச்சுச் சத்தம் கேட்டதால் நான் தடுத்தேன்.

"அம்மா, இதை நீ கேட்டிருந்தா ராத்திரி சாப்பிடும்போது ஒரு தடவை காதைத் தொடு. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

தங்கை என்னைப் பார்க்காமல் அடுத்ததைப் போட்டாள். எறும்புகள் முடிந்ததும் அதே வரி. எரிமலை முடிந்ததும் அதே வரி, கொஞ்சம் சின்னக் குரலில்.

அதற்கடுத்த மழை, வெறும் மழையாகவே முடிந்தது. அதன் பிறகு வந்ததெல்லாம் பாடம் மட்டும்தான்.

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி எனக்கு இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை. அந்த ஐம்பது பேருக்கு நடுவில் இருந்தபோது என்னிடம் என்ன அடையாளம் கேட்டாளோ.

இரவு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

தங்கை காதைத் தொட்டாள். பிள்ளை தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுபடி தொட்டாள். தண்ணீர் வைக்கும் சாக்கில் எழுந்து, பிள்ளைக்கு எதிரிலேயே போய் நின்று, இன்னொரு காதையும் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். தங்கை கையை எடுக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

பிள்ளை என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"பெரியம்மா, அம்மாவுக்குக் காது வலியா?"