நாற்பத்தேழாம் தொட்டி

பற்குச்சியின் நுனியில் மகரந்தம் ஒட்டிக்கொண்டது. கடுகளவு. மஞ்சள் பசை.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

செருப்பு ஆர்க்கிட் என்று சும்மாவா சொல்கிறார்கள். பூவின் நடுவில், கைக்குழந்தையின் செருப்பு முனை மாதிரி ஒரு பை. அதைப் பெருவிரலால் மெல்லத் தாழ்த்தினாள். உள்ளே, மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி தெரிந்தது.

குச்சியை அங்கே ஒற்றினால் போதும். கரு கூடிவிட்டால் பூவுக்கு வேலை முடிந்தது. மூன்று நாளில் தலை தொங்கிவிடும்.

இன்று வியாழன். ஞாயிற்றுக்கிழமை மலர்ப் போட்டி.

ஏழு வருடம்.

இரண்டு செடிகளை இணை சேர்த்தது அவள். தூசி போன்ற விதையைக் கண்ணாடிக் குடுவையில் தூவியது அவள். முளைத்த முந்நூறில் இருநூற்றுச் சொச்சம் அழுகியபோது ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டதும் அவள்தான். மிஞ்சியதில் இது நாற்பத்தேழாம் தொட்டி. குருத்தில் ஒரு துளி தண்ணீர் தேங்கினாலும் பஞ்சால் ஒற்றி எடுப்பாள். குளிர் பட்டால்தான் மொட்டு வைக்கும் என்று, ஐப்பசி முழுக்கப் பசுமைக்குடிலின் பக்கத் திரைகளைச் சுருட்டிவிட்டுத் தானும் நடுங்கினாள்.

மார்கழியில் பூத்தது. கத்தரிப்பூ நிறத்தில் கோடுகள். ஓரம் மட்டும் வெள்ளை. கொடைக்கானலில் யாரும் பார்த்திராத பூ.

பத்திரிகைக்காரர் வந்தார். பண்ணை முதலாளி மகேந்திரவேல் தொட்டியைக் கையில் ஏந்திக்கொண்டார்.

"எப்சிபா, கொஞ்சம் தள்ளி நில்லும்மா. உன் நிழல் விழுது."

தள்ளி நின்றாள்.

மறுநாள் பேப்பரில் அவர் சிரித்தார். 'என் ஏழு வருடத் தவம்' என்று சொல்லியிருந்தார். போட்டி விண்ணப்பத்திலும், உருவாக்கியவர் என்ற இடத்தில் அவர் பெயர்.

குச்சியை ஒற்றினாள்.

அன்று வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை மேலிதழ் லேசாக மடங்கியது. முதலாளி கோட்டுக்கு இஸ்திரி போட ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். பூவை எட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை மண்டபத்தில் நடுவர்கள் மேசை மேசையாக வந்தார்கள். அவர்கள் கிட்டே வந்ததும், தொட்டியை மூடியிருந்த வெள்ளைத் துணியை முதலாளி தானே எடுத்தார்.

பூ கவிழ்ந்து கிடந்தது. பிழிந்து போட்ட துணி மாதிரி.

அவர் முகத்தை அவள் பார்த்தாள். சிரிப்பு முதலில் உதட்டில் செத்தது. பிறகு கண்ணில். ஒன்று விடாமல் பார்த்தாள்.

அவர் திரும்பினார். அவள் பக்கம் அல்ல. தொட்டியைச் சுமந்து வந்த சடையாண்டியின் பக்கம்.

"மருந்தைப் பூ மேல அடிச்சியாடா?"

சடையாண்டிக்கு அறுபது வயது. பண்ணையில் பூச்சிமருந்து அடிப்பவர்.

"இல்லீங்க ஐயா, நான் அந்தப் பக்கமே..."

அறை விழுந்தது. மண்டபமே திரும்பியது. சடையாண்டி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பூவையே பார்த்தார். தன்னை அறியாமல் எதையாவது செய்துவிட்டோமோ என்று யோசிக்கிறவர் போல.

இதை அவள் நினைத்திருக்கவில்லை.

வாய் திறக்காமல் இருந்தால் போதும். பழியும் தீர்ந்தது, வேலையும் நிலைக்கும்.

அந்தக் கன்னத்தில் நான்கு விரலும் சிவப்பாக எழும்பின.

"அவரை விடுங்க," என்றாள். "நான்தான் செஞ்சேன்."

நடுவர்களில் மூத்தவர், தலை முழுக்க நரைத்த அம்மாள் ஒருவர், மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

"எதைம்மா செஞ்சே?"

எப்சிபா தொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும்."