கைவிட்டவர் யார்?

"'அப்பா எங்களைக் கைவிட்டார்'னு எழுதினது தப்பும்மா" என்று டச்சு மொழி ஆர்வலர்களின் இணையக் குழுவில் ஸீட்ஸ்கே என்ற பெண்ணைத் திருத்தினார் விப்ரன். அங்கே அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது; எல்லோருக்கும் அவர் 'அகராதி' என்ற புனைபெயர்தான்.

"வேற எப்படிச் சொல்றதாம்?"

"பிரிஞ்சு போனார்னு சொல்லணும். கைவிடறதுன்னா அடியோட மறந்துடறது."

"பதினெட்டு வருஷமா முகத்தையே காட்டலைங்க."

"இருக்கட்டுமே. பிறந்தநாள் தவறாம குரோனிங்கன் ஊர்லேர்ந்து வாழ்த்து அட்டை வந்துச்சில்ல? அதுக்குப் பேரு கைவிடறதா?"

குழுவில் பலரும் அவர் பக்கமே பேசினார்கள். விப்ரனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது ஸீட்ஸ்கேயிடமிருந்து பதில் வந்தது.

"அட்டை வந்ததை நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே. சரி அப்பா, எந்த வார்த்தையைப் போடட்டும்? நீங்களே சொல்லுங்க."

விப்ரன் ஏதோ எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் அதையும் அழித்துவிட்டுக் குழுவை விட்டே வெளியேறினார்.