கடைக்குள் இருப்பதெல்லாம்

ஆரஞ்சு நிற முத்திரைத் தாளை ஷட்டரில் ஒட்டப் போன நகர அதிகாரி வில்ஃபிரெடோவின் கையை ஒத்தீலியா எட்டிப் பிடித்தாள்.

"இருப்பா. என் வீட்டுச் சாவி உள்ளே மாட்டியிருக்கு."

அவளுடையது மட்டுமா? நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் அந்தத் தெருவில் பாதிப் பேர் சாவி முக்பிலின் கடையில்தான் தொங்கும். ஊருக்குப் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், மறதிக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் வசதி. சாவி என்றில்லை. மாத்திரை, தைக்கக் கொடுத்த துணி, தபாலில் வந்த பார்சல், எதுவானாலும் போனில் ஒரே பேச்சுதான்: "முக்பில்கிட்டே குடுத்திருக்கேன், வாங்கிக்கோ."

அதுதான் வினையாக முடிந்தது.

நியூயார்க்கில் வரி கட்டியதற்கான வில்லை ஒட்டாத சிகரெட்டை விற்று முக்பில் முன்பு இரண்டு தடவை மாட்டியது உண்மை. இரண்டாவது தடவை, மனைவி ஏமனிலிருந்து போனிலேயே போட்ட சத்தத்தில் அந்த வியாபாரத்தையே விட்டுவிட்டான். அதன் பிறகுதான் மூன்றாவது சோதனை வந்தது. சாவிப் பலகைக்குக் கீழே ஒரு பார்சல். பிரித்தால் சிகரெட் பாக்கெட்டுகள். அத்தனையிலும் வரி குறைந்த வர்ஜீனியா மாநிலத்தின் வில்லை.

"என்னோடது இல்ல சார். ஒருத்தருக்குக் குடுக்கறதுக்காக வந்தது."

"யாருக்குன்னு சொல்லு," என்றார் சோதனைக்கு வந்த வில்ஃபிரெடோ. "அவங்க வந்து ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா கடை தப்பிக்கும்."

முக்பில் சொல்லவில்லை. அன்று வில்ஃபிரெடோவிடமும் சொல்லவில்லை, பிறகு விசாரணையிலும் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப மாட்டுகிற கடையை இழுத்து மூடி முத்திரை வைக்க நகரத்துக்கு அதிகாரம் இருக்கிறது. இன்று அதற்கான நாள்.

"சாமான் எதையும் வெளியே எடுக்கக் கூடாதும்மா," என்றார் வில்ஃபிரெடோ. "கடைக்குள்ளே இருக்கறதெல்லாம் கடைக்காரனோட கணக்குதான். அதுதான் சட்டம்."

"அடேயப்பா! அப்போ என் வீடும் இவன் கணக்கா? வரி கட்டச் சொல்லு. கூரை ஒழுகுது, அதையும் பார்க்கச் சொல்லு."

கூட்டம் சிரித்தது. வில்ஃபிரெடோவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்கு மேலே இருக்கும் அதே கட்டடத்தில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் ஒத்தீலியாவின் கையால் அடி வாங்கியிருக்கிறார். போய்ச் சாவிகளை மட்டும் எடுத்து வா என்று முக்பிலுக்குத் தலையசைத்தார்.

முக்பில் பலகையோடு கழற்றிக்கொண்டு வந்து ஆளாளுக்குக் கொடுத்தான். யாரிடமும் பெயர் கேட்கவில்லை. கடைசியில், நீல நாடா கட்டிய சாவி ஒன்று மிஞ்சியது.

அதை வில்ஃபிரெடோவிடம் நீட்டினான்.

"உங்க அம்மாவோடது. நர்சம்மா வந்து கேட்பாங்க. இனிமே எங்கே விடறதுன்னு அவங்ககிட்டே சொல்லிடுங்க."

நாடாவைக் கட்டியதே வில்ஃபிரெடோதான். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். முகம் லேசாகச் சிவந்தது.

"உன் மேலே எனக்கென்ன கோபம் முக்பில்? இந்தச் சிகரெட் சனியனாலேதான் என் அம்மா பாதி நுரையீரலோட மாடியிலேயே கிடக்கறாங்க. என்ன பாடுபட்டு விட வெச்சேன் தெரியுமா? இப்போ வாயிலே எப்பவும் பெப்பர்மிண்ட் மிட்டாய்தான். முத்தம் குடுத்தா அந்த வாசனைதான் வருது."

"நல்லது சார்," என்றான் முக்பில்.

ஒத்தீலியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முக்பில் அவளைப் பார்த்தான். மூடிக்கொண்டாள்.

"ஏன்யா, இப்பவாவது அந்தப் பேரைச் சொல்லேன். இதை ஒட்டிட்டா பிரிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. ஒட்டறதுக்கு மட்டும்தான்."

"ஒட்டுங்க சார்."

ஷட்டர் இறங்கியது. வில்ஃபிரெடோ தாளை ஒட்டி, ஓரங்களைக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். சுருக்கம் விழாமல், நேர்த்தியாக ஒட்டினார்.

அப்போதுதான் மேலேயிருந்து கூடை இறங்கியது.

கயிற்றில் ஆடி ஆடி வந்து, கடை முகப்பின் துணிப் பந்தலைத் தாண்டி, வில்ஃபிரெடோவின் மூக்குக்கு நேராக நின்றது. மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் பந்தல்தான் தெரியும். அதற்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது.

"டேய் முக்பில்!" குரல் மட்டும் கணீரென்று வந்தது. "தங்கச்சி வர்ஜீனியாவிலேர்ந்து எப்பவோ அனுப்பிட்டாளாம். தபால் லேட்டு, தபால் லேட்டுன்னு இன்னும் எத்தனை நாள் ஏமாத்துவே? இன்னிக்கு அனுப்பிடு. சாயங்காலம் என் மகன் வந்துடுவான், அவன் மோப்பம் பிடிச்சான்னா நான் செத்தேன்!"

தெருவில் யாரும் சிரிக்கவில்லை.

வில்ஃபிரெடோ கூடையைப் பார்த்தார். பிறகு ஷட்டரைப் பார்த்தார். தாள் நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

கயிறு இரண்டு முறை வெடுக்கென்று ஆடி அவசரப்படுத்தியது.

முக்பில் பழக்க தோஷத்தில் சட்டைப் பையைத் துழாவினான். இருந்ததை எடுத்துக் கூடையில் போட்டான். கூடை விறுவிறுவென்று மேலே போனது.



"அடப்பாவி," என்றது மேலிருந்து குரல். "அது இல்லாம வெறும் பெப்பர்மிண்ட்டை வெச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது?"